வழியும் தங்கலும்: எடப்பாடிக் காவடியின் பழனிப் பயணம்

பத்துப்பாட்டுள் செம்பாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்றான் ஒருவன், பெறாதான் ஒருவனுக்கு வள்ளலின் பெருமையை மட்டும் உரைத்து அமைவதில்லை. எவ்வூர் முதலில் வரும், அங்கு யார் வாழ்வர், என்ன உணவு கிடைக்கும் என்பனவற்றையும் உரைக்கின்றான். சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களை வரிசைப்படுத்துகின்றது. மலைபடுகடாம் வழுக்கும் பாறையையும், பன்றிக்கு வைத்த பொறியையும் சுட்டி எச்சரிக்கின்றது. வழி, தங்கல், உணவு, காவல் ஆகிய நான்கும் நெடுவழிச் செல்வார்க்கு இன்றியமையாதன என்பதைத் தமிழர் இலக்கண வரம்புடைய கலையாகவே வளர்த்தனர். அக்கலை ஏட்டோடு நின்றுவிடவில்லை. சேலம் சமவெளியில் இன்றும் நடைபயில்கின்றது.

காவடி கொண்ட குலத்தார்

சேலம் மாவட்டத்து எடப்பாடியிலிருந்து ஆண்டுதோறும் தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குக் காவடி செல்கின்றது. அதனை எடுத்துச் செல்வோருள் தலையாயவர் பருவதராஜகுலத்தார். ஆற்றிலும் ஏரியிலும் மீன்பிடித்தலை மரபுத்தொழிலாகக் கொண்டவர்கள் இவர்கள். இப்பயணம் மூன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. சிறுபாணாற்றுப்படையில் பாணனுக்கு முதல் விருந்தளிப்பவர் கடற்கரை நுளையர். அன்று விருந்தோம்பிய மீனவ மரபு, இங்கே தானே வழிநடை கொண்டு பெரும் விருந்தும் படைக்கின்றது.

ஆறுகள் வகுத்த வழி

எடப்பாடிக்கும் பழனிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இடையில் காவிரி, நொய்யல், அமராவதி, சண்முகநதி ஆகியவை குறுக்கிடுகின்றன. பாலங்கள் அமையாத காலத்தில் எத்துறையில் கடப்பது, எந்நாளில் கடப்பது என்பதே பயணத் திட்டத்தின் முதல் வினாவாக இருந்திருக்கும். பரிசலும் நீரோட்டமும் அறிந்த குலத்தார்க்கு அவ்வினா அச்சம் தருவதன்று. காவிரியின் மேல்கரையில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் தோப்பும் நீரும் தந்தது. அதனைக் கடந்து காங்கேயம் நாட்டு மேட்டுநிலம் புகுந்தால் கிணறே துணை. ஆகவே ஒருநாள் நடையின் அளவைக் காலின் வலிமை மட்டும் முடிவு செய்வதில்லை. அடுத்த நீர்நிலை இருக்கும் இடமும் முடிவு செய்கின்றது.

காலத் தேர்வும் கருதத்தக்கது. தை மாதத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். கோடை வெப்பம் தொடங்கியிராது. அறுவடை முடிந்த வயல் கூட்டமாகத் தங்க இடங்கொடுக்கும்; களத்தில் வைக்கோலும், வீட்டில் புதுநெல்லும் இருக்கும். வழியூரார் சோறிடுவதற்கு மனம் மட்டும் போதாது. குதிரும் நிறைந்திருத்தல் வேண்டும். பூசத்திற்குப் பின் மலையடையும் இவர்களுக்குத் தேய்பிறை நிலவு பின்னிரவு நடையில் ஒளி தரும்.

தங்கலின் ஒழுங்கு

மதுரை நாயக்கர் ஆட்சியில், சிறப்பாக இராணி மங்கம்மாள் காலத்தில் (1689–1706), சாலைகளும் சத்திரங்களும் பெருகின. ஆயினும் கிளைவழிகளில் நடப்போர்க்குத் துணைநின்றவை ஊர்ச் சாவடி, மரத்தடி, கோயில் மண்டபம், சுமைதாங்கிக் கல் ஆகியனவே. கருவுற்று மாண்ட பெண்ணின் நினைவாக நிறுத்திய கல், அறியாத வழிப்போக்கனின் தோட்சுமையை இறக்கியது. காவடிக் கூட்டம் சேருமிடத்தில் முதற்கண் காவடிக்குத் தூய இடம் தேடப்படும். மனிதர்க்கு இடம் அதன் பின்னரே. அரிசியும் பாத்திரமும் சுமந்த வண்டி முன்சென்று அடுப்பு மூட்டினால்தான் நடந்து வருவோர் பசியாற முடியும்.

பயணத்தின் இறுதித் தங்கல்களுள் ஒன்று பழனிக்கு அண்மையிலுள்ள மானூர்ச் சண்முகநதிக்கரை. அங்கு நீராடி, வழிபட்டு மலைக்குச் செல்கின்றனர்.

மலைமேல் ஓரிரவு

பழனி மலைக்கோயிலில் இரவு வழிபாடு முடிந்தபின் அடியார் அனைவரும் கீழிறங்குதல் மரபு. எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் மட்டும் ஆண்டில் ஓரிரவு மலைமேல் தங்கும் உரிமை பெற்றவர்கள். வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய், கற்கண்டு ஆகியவற்றைக் கொண்டு மலைமேல் தம் கையாலேயே பஞ்சாமிர்தம் செய்கின்றனர். அண்மை ஆண்டுகளில் அதன் அளவு பத்து டன்னைக் கடந்துள்ளது. பழமுரிப்போர், கலப்போர், பங்கிடுவோர் எனப் பணி பகுக்கப்படாவிடில் ஓரிரவில் இது கைகூடாது. பூசப் பெருங்கூட்டம் கலைந்தபின் இவர்கள் வருவது இவ்வுரிமை நிறைவேறவும் வழிசெய்கின்றது. பல நாள் மரத்தடியிலும் வயலிலும் கண்ணயர்ந்தவர்க்கு இறுதித் தங்கலாக இறைவன் இல்லமே அமைகின்றது. மன்னர் கொடையைக் கல்வெட்டு காத்தது. உழைக்கும் மக்களின் இவ்வுரிமையை ஆண்டுதோறும் நடந்த கால்களே காத்தன.

எழுதப்பட வேண்டிய ஆற்றுப்படை

நகரத்தாரின் பழனி அறங்கள் பற்றிய செப்பேடுகள் பதிப்பிக்கப்பட்டு ஆய்வாளர் கைக்கு எட்டியுள்ளன. எடப்பாடியாரின் வழிநடை அறிவோ பெரிதும் முதியோர் நினைவில் வாழ்கின்றது. சாலை விரிவாக்கத்தில் புளியும் ஆலும் வீழ்ந்தன. சுமைதாங்கிகள் பல பெயர்க்கப்பட்டன. இரவில் நடப்போர் விரையும் ஊர்திகளுக்கு அஞ்சி முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளும் காலம் இது. மரம் வீழ்ந்த இடத்தில் தங்கலின் பெயரும் மறைகின்றது; பெயர் மறைந்தால் வழியின் வரலாறும் மறையும்.

சேலம், நாமக்கல் வட்டாரத் தமிழ் மன்றத்தார்க்கும் பாவலர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஒரு தைத்திங்களில் முதியோருடன் உடன்நடந்து, துறைகளையும் தோப்புகளையும், சோறிட்ட ஊர்களையும் வரிசையாக எழுதிவைத்தல் வேண்டும். சங்கப் புலவன் எயிற்பட்டினத்தையும் ஆமூரையும் பெயர் சொல்லிப் பாடியதாலன்றோ அவ்வழி இன்றும் அறியப்படுகின்றது! எடப்பாடி வழிக்கும் ஓர் ஆற்றுப்படை எழுதப்படுமாயின், அதுவே நடந்த கால்களுக்கு நம் தமிழ் செலுத்தும் நன்றியாகும்.