புத்தகத்துக்குள் ஒரு கறுப்புச் சதுரம்

2018இல் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடப்புத்தகங்களில், ஒன்றாம் வகுப்புக்குக்கூட க்யூஆர் கோடு இருந்தது. போனைக் காட்டினால் பாட்டும் வீடியோவும் வரும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் மொத்தப் பாரமும் அந்தச் சதுரத்தின் மேல் விழுந்தது.

கல்வித் தொலைக்காட்சியும் இருந்தது, ஆனால் டிவிகிட்ட சந்தேகம் கேட்க முடியாதே. வீட்டில் இருக்கும் ஒரே போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவில் அது திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும், இல்லேன்னா சார்ஜ் இருக்காது. 'வண்ணம் தீட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பு' என்ற பயிற்சிகளை எத்தனை அம்மாக்கள் செய்தார்களோ!

ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. என்னால் கடக்க முடியாத இடம் இதுதான். 'ழ' சொல்ல நாக்கு எப்படி மடங்குகிறது என்று ஒரு டீச்சரின் வாயைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்கிறோம்?

அந்த அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', பக்கத்துத் தெரு அக்காக்களையே தன்னார்வலர்களாகக் கொண்டுவந்தது. சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வகுப்பு. 2022 ஜூனில் அங்கே வாசிப்பு மாரத்தான் நடந்தது. பிள்ளை சத்தமாக வாசிக்க, கூகுளின் ரீட் அலாங் செயலி கேட்டுத் திருத்தும். போன் அக்காவுடையது.