வேலூரில் மூளைநோய் மருத்துவம்: திருச்சபை கற்ற பாடம்

இந்தியத் திருச்சபையின் மருத்துவப் பணி வரலாற்றை எழுதுவோர் முதல் மருத்துவமனை, முதல் கல்லூரி, முதல் அறுவைச் சிகிச்சை என்று முதல் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவது வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை, நரம்பு நோய்களுக்கு அளிக்கப்பட்ட மருத்துவத்தின் வரலாறும் இவ்வாறே சொல்லப்பட்டு வருகிறது. அது பிழையன்று. ஆயினும், மூளைநோய் முற்றிலும் நீங்குவது அரிது. உயிர் தப்பியவரிடத்தும் அது தன் தழும்பை விட்டுச் செல்லும். அத்தழும்போடு வாழ்வோருக்குத் திருச்சபை ஆற்றவேண்டிய பணி யாது என்னும் வினா வேலூரில் படிப்படியாக எழுந்தது. அவ்வினாவின் வரலாற்றையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

அறுவை மருத்துவத்தின் தொடக்கம்

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையுடன் வேலூரில் தம் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. 1947இல் ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டனர். எனினும் மூளைநோயாளருக்கு அதுவரை நம் நாட்டில் கிடைத்த உதவி மிகச் சிறிது. காசநோய்க் கிருமியால் உண்டாகும் மூளையுறை அழற்சி வந்த குழந்தை பிழைப்பதில்லை என்பதே அக்காலத்து மருத்துவரின் அனுபவம். 1944இல் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வெளிப்படுத்தப்பட்டு, 1952இல் ஐசோனியாசிட் மருந்தும் அதனுடன் சேர்ந்த பின்னரே அந்நிலை மாறத் தொடங்கிற்று.

வலிப்பு நோயாளரின் நிலையோ வேறு விதத்தில் இரங்கத்தக்கது. ஆவியின் பிடியில் அகப்பட்டோர் என்று ஊரார் அவர்களை ஒதுக்கினர். நம் சபையாரும் இதற்கு விலக்கல்லர். மத்தேயு சுவிசேஷத்தின் 17ஆம் அதிகாரத்தில் 'சந்திரரோகி' என்று தமிழ்த் திருமறை குறிக்கும் மகனின் வரலாற்றை வாசித்து, அம்மகனுக்காக இரங்கி மன்றாடிய தகப்பனை மறந்து, பேயை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோர் நம்மிடையே பலர்.

இச்சூழலில்தான் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூருக்கு வந்தார். கோட்டயத்தில் 1910இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பஹ்ரைன் நாட்டு மிஷன் மருத்துவமனையில் ஊழியம் செய்தவர் அவர். பின்னர் வட அமெரிக்கா சென்று, கனடாவின் மான்ட்ரீல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயிற்சி பெற்றார். வலிப்பை மூளையின் நோயென அறிந்து, அது எழும் இடத்தைக் கண்டு அறுவை செய்யும் முறையில் பென்ஃபீல்டு புகழ் பெற்றிருந்தார். சாண்டி வேலூரில் அமைத்ததே இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறை. 1952இல் வலிப்பு நோயுற்ற இளைஞர் ஒருவருக்கு அவர் செய்த அறுவை, நம் நாட்டில் அந்நோய்க்கென நடந்த முதல் அறுவையாகக் கருதப்படுகிறது. திருமறையின் சந்திரரோகியை ஊரார் நோக்கிய விதத்துக்கு, மிஷன் மருத்துவமனையின் அறுவைக் கூடமே ஒரு விடையளித்தது எனலாம்.

அறுவைக்கு அப்பாற்பட்ட நோய்

1955ஆம் ஆண்டு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்திலும் அதனையடுத்த ஆந்திரப் பகுதிகளிலும் இருந்து, கடுங்காய்ச்சலும் வலிப்பும் நினைவிழப்பும் கொண்ட குழந்தைகள் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டனர். கொசுவால் பரவும் நச்சுயிரி உண்டாக்கிய மூளைக்காய்ச்சல் இது என்பதை வெப், பெரேரா ஆகிய மருத்துவர்கள் 1956இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துரைத்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்திய நோயாளரிடம் முதன்முதல் அறியப்பட்டது இவ்வாறேயாகும்.

இந்நோயை அறுவையால் நீக்க இயலாது. நச்சுயிரியை அழிக்கும் தனி மருந்தும் இன்றுவரை இல்லை. காய்ச்சலைத் தணித்தல், வலிப்பை அடக்குதல், மூச்சுக்குத் துணைசெய்தல் ஆகியவற்றோடு மருத்துவரின் கை நின்றுவிடுகிறது. கடுமையாக நோயுறுவோரில் 100க்கு 30 பேர் வரை மாள்வதுண்டு. பிழைப்போரில் 30 முதல் 50 விழுக்காட்டினர் கைகால் முடக்கம், அறிவுக் குறைவு, வலிப்பு முதலியவற்றுடன் வாழ்கின்றனர். நெல் வயல்களில் தேங்கும் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, கொக்கினங்களிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் இந்நச்சுயிரியை மனிதருக்குக் கொண்டுவருகிறது. ஆகவே இதனைத் தடுக்கும் இடம் வயலும் ஊருமே. குழந்தைகளுக்கான பெருந்திரள் தடுப்பூசித் திட்டம் நம் நாட்டில் 2006இல் தொடங்கிற்று. வேலூரில் நோய் அறியப்பட்டு அதற்குள் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

எஞ்சியிருப்போரின் வாழ்வு

மூன்றாம் பாடத்தை வேலூருக்குக் கற்பித்தவர் ஒரு நோயாளியே. அக்கல்லூரியில் பயின்ற இளம் மருத்துவரான மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மூளையைப் போலவே தண்டுவடமும் ஒருமுறை அறுபட்டால் மீண்டும் இணைவதில்லை. குணம் வேண்டிப் பலர் மன்றாடினர். அவர் எழுந்து நடக்கவில்லை. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்யக் கற்றார். பின்பு நியூயார்க் நகரில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் உள்நோயாளருக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோய் தீராதவரும் உண்ணவும் உடுக்கவும் தொழில் செய்யவும் பயிலும் இடமாக அது விளங்கியது.

இதே ஆண்டுகளில் உலகத் திருச்சபையும் இவ்வினாவோடு போராடியது கவனிக்கத்தக்கது. உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் 1964இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் கூட்டிய கலந்தாய்வு, குணமாக்கும் ஊழியம் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று, முழுச் சபைக்கும் உரியது என்று வற்புறுத்தியது. 1968இல் கிறிஸ்தவ மருத்துவ ஆணைக்குழு தோன்றியதும் இதன் விளைவே.

இன்று நம்முன் நிற்பது

இன்று நம் சபைகளில் முதியோர் தொகை பெருகுகிறது. அதனுடன் பக்கவாதமும் மறதிநோயும் நடுக்குவாதமும் பெருகுகின்றன. உலக மறதிநோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 விழுக்காடும் அந்நாடுகளைச் சேர்ந்ததன்று என்பதைச் சுட்டி, 1998இல் '10/66' என்னும் ஆய்வுக் குழு எழுந்தது. சென்னையும் வேலூரும் அவ்வாய்வின் களங்களாயின. இந்நோயாளரைத் தாங்குவோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. அவர்களுக்கு ஓய்வு நாளும் இல்லை. ஆராதனைக்கு வர வழியும் இல்லை. இவ்வீடுகளை நம் சபைப் பதிவேடுகளில் தேடினால், 'ஒழுங்காக வராதவர்கள்' என்னும் பட்டியலில் காண்போம். இது நாம் வெட்கப்படவேண்டிய செய்தி.

வரலாற்றினின்று போதகருக்குக் கிடைக்கும் அறிவுரைகள் இரண்டு. முதலாவது, காலந்தாழ்த்தாமை. வாரக்கணக்கில் நீளும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, அதன்பின் மயக்கம் என்று தொடரும் குழந்தையை முதலில் மருத்துவமனைக்கு அனுப்பி, உடன் சென்று ஜெபிப்பதே விசுவாசம். மூளையுறை அழற்சியில் இழந்த நாள்கள், பிழைத்த பின்னும் பார்வையாகவும் செவியாகவும் இழக்கப்படுகின்றன. இரண்டாவது, கைவிடாமை. மருத்துவர் இனிச் செய்வதற்கில்லை என்று அனுப்பிய வீட்டில்தான் சபையின் முறை தொடங்குகிறது. வாரத்தில் ஒரு நாள் ஒருவர் நோயாளியின் அருகில் இருந்து, அவரைப் பேணும் தாயையோ மனைவியையோ ஆலயத்துக்கு அனுப்பினால், அதுவும் குணமாக்கும் ஊழியமே.

திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நால்வருக்கு மருத்துவம் தெரிந்ததாக மாற்கு சொல்லவில்லை. அவர்களுடைய விசுவாசத்தை ஆண்டவர் கண்டார் என்றே சொல்கிறார். படுக்கையைச் சுமக்கும் அப்பணியை நாம் மருத்துவமனைகளின் வாயிலில் இறக்கிவைத்துவிட்டோம். அதைத் திரும்பவும் எடுத்துக்கொள்வது இன்றைய சபையின் கடமை.