கைநாட்டும் உமிக்கரியும்

வங்கி உத்தியோகத்தில் இருப்பவனுக்குக் கைநாட்டு மேல் தனி மரியாதை உண்டு. அதை அலுவலக நடைமுறையாக்கியதில் முன்னோடி, நம் நாட்டின் வங்காளம்தான்!

1858-ல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலை வேலைக்குச் சரக்கு தர வந்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். 1877-ல் ஹூக்ளியில் பென்ஷன்தாரர்களிடமும் விரல் பதிவு வாங்கினார். செத்தவர் பெயரில் இன்னொருவர் வந்து பணம் வாங்கிப் போகக்கூடாது அல்லவா? 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடமே வந்துவிட்டது. ரேகைகளை வகைபிரிக்கும் முறையை உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவருக்கும் பெரும்பங்கு. பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது!

சரி, இவையெல்லாம் மை தடவி எடுத்தவை. திருடன் மை தடவிக்கொண்டா வருவான்? அவன் விட்டுப்போவது கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் எண்ணெய்ப்பசை. நுண்ணிய பொடியைத் தூவினால் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்ளும். ரேகை வரிவரியாக எழும்பி வரும். சூட்சுமம் இவ்வளவுதான்.

வெளிர்நிறப் பரப்புக்கு அந்தக் காலப் போலீசார் பயன்படுத்தியது விளக்குக்கரி. நாம் துடைத்து எறிகிற அதே புகைக்கரிதான். கறுத்த பரப்பில் கரி தெரியாதே! அதற்குப் பாதரசமும் சாக்குத்தூளும் கலந்த சாம்பல்நிறப் பொடி வந்தது. வினையும் கூடவே வந்தது. அதைத் தூவித் தூவியே இங்கிலாந்துப் போலீசாருக்குப் பாதரச நஞ்சேறியதை 1949-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. குற்றவாளியைப் பிடிக்கப் போனவருக்குத் தண்டனை!

இப்போது ஆய்வாளர்கள் மறுபடியும் கழிவுப் பொருள் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். மலேசியாவில் நெல் உமியிலிருந்து கரித்துகளும் சிலிக்காத் துகளும் செய்து, மறைந்த ரேகைகளை எழுப்பிக் காட்டியிருக்கிறார்கள். நூறு கிலோ நெல்லில் சுமார் இருபது கிலோ உமி. அதை எரித்தால் ஏறக்குறைய நான்கு கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. அரிசி ஆலை வாசலில் மலையாகக் குவிந்து கிடக்கும் சரக்கு!

உமி என்பதாலேயே ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. நுண்பொடி எதுவானாலும் நுரையீரலுக்குப் பகைதான். பாதரசம் தந்த பாடமே அதுதானே? ரேகை தெளிவாக விழுகிறதா என்று பார்ப்பதோடு, தூவுகிற போலீஸ்காரர் எதைச் சுவாசிக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். இரண்டிலும் தேறிவிட்டால், நம் பாட்டிமார் பல் தேய்த்த உமிக்கரியின் வம்சம் கோர்ட்டுப் படி ஏறிச் சாட்சி சொல்லும்.