கொர்லாய்க் கோட்டையும் அடிவாரத்து மொழியும்

மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை என்றால் அலிபாக் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வருவது வழக்கம். அலிபாக்கிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் சௌல், ரேவ்தண்டா, கொர்லாய் என்று மூன்று கடலோர ஊர்கள் உண்டு. குண்டலிகா ஆறு அரபிக்கடலில் சேரும் முகத்துவாரத்தின் வடகரையில் ரேவ்தண்டா, தென்கரையில் கொர்லாய். இவ்வூர்களுக்கு நான் பலமுறை போய் வந்திருக்கிறேன். கோட்டை பார்க்கப் போனவனுக்குக் கோட்டையைவிடப் பெரிய செய்தி ஒன்று அங்கே கிடைத்தது. அதை நம் மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பழைய துறைமுகம்

சௌல் இன்று தென்னையும் பாக்கும் நிறைந்த அமைதியான கிராமம். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் இதைச் 'செமில்லா' என்று குறிக்கிறது. மும்பை கன்னேரிக் குகைக் கல்வெட்டுகளில் 'செமுல' ஊர் வணிகர்கள் கொடுத்த தானங்கள் வருகின்றன. அரபுப் பயணி அல் மசூதி கி.பி. 916 வாக்கில் சிலாகார அரசன் ஜஞ்சன் காலத்தில் இங்கே வந்து, பத்தாயிரம் முஸ்லிம்கள் குடியிருந்ததாக எழுதினார். பதினைந்தாம் நூற்றாண்டில் ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதின், விற்பதற்கு ஒரு குதிரையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கேதான் கரையேறினார். ஒற்றைக் குதிரையை நம்பி எவ்வளவு தூரம்! வியாபாரிகளுக்குத்தான் அந்தத் துணிச்சல் புரியும்.

இதே கரையோரத்தில் கப்பல் உடைந்து ஒதுங்கியவர்களின் வழிவந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பெனே இஸ்ரேல் யூதர்கள் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தார்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் 'சனிவார் தேலி' என்று ஊரார் அவர்களை அழைத்தார்கள்.

பரங்கியர் வருகை

1508ல் சௌல் துறைமுகத்தில் எகிப்தியக் கப்பற்படையும் குஜராத் படையும் சேர்ந்து போர்ச்சுகீசியரைத் தோற்கடித்தன. போர்ச்சுகீசிய வைஸ்ராயின் மகன் லூரென்சோ த அல்மெய்தா அதில் மாண்டார். ஆனாலும் அவர்கள் விடவில்லை. 1521ல் அகமதுநகர் நிஜாம்ஷாவின் அனுமதியோடு ரேவ்தண்டாவில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அவர்கள் கொடுக்கும் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச்சீட்டு இல்லாமல் கடலில் போன கப்பல்கள் பறிமுதல் ஆயின. கடலுக்கே சுங்கம் போட்டவர்கள் என்று சொல்லலாம். 1570-71ல் நிஜாம்ஷாவின் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் கோட்டை பணியவில்லை. 1594ல் எதிர்க்கரையிலிருந்த கொர்லாய்க் குன்றையும் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு மராட்டியர் எழுந்தார்கள். 1739ல் வசாய் விழுந்தது. 1740 உடன்படிக்கைப்படி சௌலும் கொர்லாயும் மராட்டியர் கைக்குப் போயின. அதற்குள் வணிகமும் சூரத்துக்கும் மும்பைக்கும் நகர்ந்திருந்தது. இன்று ரேவ்தண்டாக் கோட்டை மதிலுக்குள்ளேயே ஊரும் தோப்புகளும் இருக்கின்றன. கொர்லாய்க் குன்றின் மேல் கூரையில்லாத சிறு தேவாலயம், தண்ணீர்த் தொட்டி, துருப்பிடித்த பீரங்கிகள், இருபுறமும் கடல்.

அடிவாரத்து மொழி

அதிகாரிகள் போய்விட்டார்கள், அடிவாரத்துக் கத்தோலிக்க மக்கள் போகவில்லை. போர்ச்சுகீசியப் படைவீரர்களும் இந்த மண்ணின் பெண்களும் சேர்ந்து உண்டான குடும்பங்கள் அவை. போர்ச்சுகீசியமும் மராத்தியும் கலந்து பிறந்த ஒரு மொழியை இன்றும் ஏறத்தாழ ஆயிரம் பேர் வீட்டில் பேசுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நோ லிங்', அதாவது 'நம்ம மொழி'. அமெரிக்க மொழியியலாளர் கிளான்சி கிளெமென்ட்ஸ் இதை ஆராய்ந்து 1996ல் தனி நூலே வெளியிட்டார்.

அரசு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, அச்சு நூல் இல்லை. இருந்தும் 1740க்குப் பின் இத்தனை தலைமுறை எப்படி நின்றது? மதத்தாலும் சாதியாலும் சுற்றியிருந்தவர்களோடு கொள்வினை கொடுப்பினை இல்லை என்பது ஒரு காரணம். கோயிலில் போர்ச்சுகீசியம் அறிந்த பாதிரியார்கள் இருந்தது இன்னொன்று. 1960களில் கோயில் வழிபாடு மராத்திக்கு மாறியது. பள்ளிப் படிப்பும் மராத்திதான். இனி அந்த மொழிக்கு வீடு மட்டுமே அடைக்கலம். வீடும் கைவிட்டால் என்ன ஆகும்? கொச்சியில் இதேபோன்ற மொழி பேசிய கடைசி மனிதர் 2010ல் இறந்தார். அத்தோடு அங்கே அது முடிந்தது.

நமக்கு என்ன?

நான் தமிழ்ச் சமணன். மும்பையில் ஜெயின் என்றால் குஜராத்தியா, மார்வாடியா என்றுதான் கேட்பார்கள். தமிழ் என்று சொன்னால் ஒரு கணம் நம்பமாட்டார்கள். சின்னக் கூட்டம் தன் பேச்சைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கொர்லாயில் நான் கவனித்தது இதுதான். அவர்கள் மொழியில் கலப்பு நிறைய. வாக்கிய அமைப்பே மராத்தி மாதிரி மாறி, வினைச்சொல் கடைசிக்கு வந்துவிட்டது. ஆனாலும் மொழி சாகவில்லை, ஏனென்றால் பேச்சு நிற்கவில்லை. நம் பிள்ளைகள் தமிழில் நாலு இந்தி வார்த்தை கலந்தால் நாம் கேலி செய்கிறோம்; அது கூச்சப்பட்டு இந்திக்கே போய்விடுகிறது. கலந்து பேசினால் பேசட்டும். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் போர்ச்சுகீசியர் கொடுத்ததுதானே? நாம் 'ஏலம்' என்பதும் மராத்தியர் 'லிலாவ்' என்பதும் ஒரே போர்ச்சுகீசியச் சொல்லின் பேரப்பிள்ளைகள்.

கொர்லாயைக் காத்த வேலி நமக்கு இல்லை, வேண்டவும் வேண்டாம். எல்லோரோடும் பழகித்தான் பிழைக்க வந்தோம். ஆகவே நமக்கு மிஞ்சுவது சாப்பாட்டு நேரத்துப் பேச்சுதான்.

மழைக்காலம் நீங்கலாகக் குடும்பத்தோடு ஒருமுறை போய் வாருங்கள். கலங்கரை விளக்கத்துப் பக்கமிருந்து குன்றேறலாம். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். இறங்கி வரும்போது ஊரில் ஒரு பெரியவரிடம், ஜன்னலுக்கும் சாவிக்கும் உங்கள் மொழியில் என்ன பெயர் என்று பிள்ளைகளையே மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள்.