சாசேஜ் பாக்கெட்டில் '316': வைட்டமின் சி-க்கு எதிரியா?

வேப்பம்பட்டு போன்ற புறநகர்ப் பகுதிகளிலும் இன்று பல வீடுகளின் ஃப்ரீசருக்கு சிக்கன் சாசேஜ், சலாமி பாக்கெட்டுகள் வந்துவிட்டன. வாங்கும்போது ஹலால் முத்திரையைத் தேடுகிறோம். பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள எண்களைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவற்றில் ஒன்று 'ஐஎன்எஸ் 316'. இது சோடியம் எரித்தார்பேட். இதன் அமில வடிவத்துக்கு எண் 315.

வைட்டமின் சி-யும் (எண் 300) எரித்தார்பிக் அமிலமும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. ஓரிடத்தில் மட்டும் அணுக்களின் திசை மாறியிருக்கிறது. இறைச்சியின் நிறம் மங்காமல் காப்பதிலும், நைட்ரைட்டிலிருந்து தீங்கான நைட்ரோசமைன்கள் உருவாவதைக் குறைப்பதிலும் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. உடலுக்குள்தான் வேறுபாடு தெரிகிறது.

விலங்குகளில் கண்டது என்ன?

ஆடு, மாடு, எலி ஆகியவை வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. மனிதனுக்கும் கினிப்பன்றிக்கும் அது முடியாது. (பெயரில்தான் பன்றி. இது எலியைப் போன்ற கொறிக்கும் பிராணி.) நம் வேலிகளில் வந்து அமரும் கொண்டைக்குருவியும் இந்தப் பட்டியலில் உண்டு என்பதை 1958-ல் கொல்கத்தா விஞ்ஞானிகள் ராய், குஹா இருவரும் காட்டினர்.

எனவே சோதனைகள் கினிப்பன்றியில் நடந்தன. ஸ்கர்வி நோயைத் தடுப்பதில் எரித்தார்பிக் அமிலத்தின் திறன் வைட்டமின் சி-யின் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, உறுப்புகளுக்குள் நுழைய இரண்டும் போட்டியிட்டன. உறுப்புகளில் சேரும் வைட்டமின் சி-யின் அளவு குறைந்தது. அச்சம் இங்கிருந்துதான் தொடங்கியது.

மனிதருக்கும் அப்படியா?

அமெரிக்காவில் இளம்பெண்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். 1996-ல் வெளியான முடிவின்படி, அவர்களின் வைட்டமின் சி நிலை பாதிக்கப்படவில்லை. எரித்தார்பிக் அமிலம் உடலில் தங்காமல் விரைவில் வெளியேறிவிடுகிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை உறுதிசெய்தது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 120 மில்லிகிராம். அங்கே பதப்படுத்திய இறைச்சியில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் வரைதான் சேர்க்கலாம். அதாவது 100 கிராம் சாசேஜில் அதிகபட்சம் 50 மில்லிகிராம்.

ஹலால் குறித்த ஐயம்

இது மண்புழுவிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற வதந்தி அமெரிக்காவில் நீண்ட காலம் உலவியது. ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களும் ஒலியில் ஒத்திருப்பதே அதற்குக் காரணம். அந்நாட்டு வேளாண்மைத் துறையே இதை மறுத்திருக்கிறது. மாவுச்சத்தை, அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை நுண்ணுயிரிகளால் நொதிக்கச் செய்தே இதைத் தயாரிக்கிறார்கள். எனவே இந்த எண்ணைக் கண்டு ஐயப்பட வேண்டியதில்லை. இறைச்சி ஹலாலா என்பது தனிக் கேள்வி. அதற்கு முத்திரையைத்தான் பார்க்க வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியது

316 நஞ்சல்ல, அதே சமயம் வைட்டமின் சி-யும் அல்ல. 'வைட்டமின் சி போன்றதுதானே' என்று அதைச் சத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆண்களுக்குத் தினமும் 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. சாசேஜில் உப்பும் கொழுப்பும் அதிகம் என்பதால் அதை எப்போதாவது சாப்பிடும் உணவாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் தினமும் இடம்பெற வேண்டியது கொய்யாத் துண்டுகள்தான்.