உயர்த்தப்பட்ட நகரம்

இயற்கை அனர்த்தங்களைப் பற்றிப் பேசும்போது காற்றின் வேகத்தையும் மாண்டோர் தொகையையும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். காற்று ஓய்ந்த மறுநாள் நகரத்தை ஆள்வோர் என்ன செய்தார்கள் என்பதும் வரலாறுதான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்டன் நகரை அதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

மெக்சிக்கோ வளைகுடாவோரம் ஒடுங்கிக் கிடக்கும் மணல்தீவு அது. 1900ஆம் ஆண்டில் பருத்தி ஏற்றுமதியால் செழித்த துறைமுகம். குடிசனம் ஏறக்குறைய 38,000. நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்கு உட்பட்டது. 1886இல் அதே கரையோரத்திலிருந்த இந்தியனோலா என்ற ஊரைச் சூறாவளி அழித்தபோது, கல்வெஸ்டனுக்குக் கடலரண் வேண்டுமென்ற பேச்சு எழுந்தது, நிறைவேறவில்லை. பெரும் புயல் நகரை அழிக்கும் என்பது வீண்பிரமை என்ற கருத்துப்பட, 1891இல் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார்.

1900 செப்டெம்பர் 8ஆம் திகதி கடல் பதினைந்து அடிக்கு மேல் எழுந்தது. 6,000 பேருக்குக் குறையாமல் மாண்டனர். 8,000 என்போரும் உளர். கிளைனின் மனைவியும் மாண்டவர்களுள் ஒருவர்.

மறுநாளே மேயர் வோல்டர் ஜோன்ஸ் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன், தமது 78ஆவது வயதில் நேரில் வந்து உதவினார். ஆனால் அந்நாட்களின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. பிரேதங்களை அகற்றும் வேலைக்குக் கறுப்பின ஆண்கள் துப்பாக்கி முனையில் பிடிக்கப்பட்டனர். தட்டைப்படகுகளில் ஏற்றிக் கடலில் விடப்பட்ட உடல்கள் கரைக்கே திரும்பின. பிறகு வாரக்கணக்கில் சிதைகள் எரிந்தன.

கடனில் மூழ்கியிருந்த பழைய நகர சபையால் மீட்சிப் பணியைத் தாங்க முடியாது என வர்த்தகப் பிரமுகர்கள் வாதிட்டனர். 1901இல் ஐவர் கொண்ட ஆணையாளர் சபை அதனிடத்தில் அமர்ந்தது. நிதி, பொலிஸ், நீர் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒருவர் பொறுப்பு. முதலில் மூவரை ஆளுநர் நியமித்தார். 1903 முதல் ஐவரையும் மக்களே தெரிவு செய்தனர். இம்முறை பின்னர் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான நகரங்களுக்குப் பரவியது. எவர் பதில் சொல்ல வேண்டும் என்பது தெளிவாயிருந்தது இதன் சிறப்பு. சட்டம் இயற்றுபவரே பணத்தையும் செலவிடுபவராக இருந்தது இதன் குறை. கல்வெஸ்டன் 1960 வரை இதனைக் கைவிடவில்லை.

அடுத்து மூன்று பொறியியலாளர் அழைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஹென்றி ரொபேட், கூட்ட நடைமுறை பற்றிய புகழ்பெற்ற கைந்நூலை 1876இல் எழுதியவர். அவர்களின் யோசனைப்படி 1902க்கும் 1904க்கும் இடையில் 17 அடி உயரமும் மூன்று மைலுக்கு மேல் நீளமும் கொண்ட கொங்கிரீட் அரண் எழுந்தது.

அரண் மட்டும் போதாதென்று நகரத்தையே உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் திருகு ஜாக்கிகளால் தூக்கப்பட்டன. 3,000 தொன் எடையுள்ள புனித பற்றிக் தேவாலயம் 700 ஜாக்கிகளின் மேல் ஐந்தடி உயர்ந்தது. கடலடியிலிருந்து வாரிய மணல், குழாய்கள் வழியே வீடுகளின் கீழ் பாய்ச்சப்பட்டது. மக்கள் பல ஆண்டுகள் பலகைப் பாதைகளில் நடந்தார்கள். மணலுக்கு அரசாங்கப் பணம் செலவாயிற்று. வீட்டைத் தூக்கும் செலவோ வீட்டுக்காரன் தலையில் விழுந்தது. இந்த ஒரு விபரம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏழை வீட்டுக்காரனுக்கு அந்தச் செலவு எத்தகைய பாரமாயிருந்திருக்கும்!

1915இல் மீண்டும் பெரும் சூறாவளி வந்தது. அரண் நின்றது, 1900உடன் ஒப்பிட்டால் நகருக்குள் உயிரிழப்பு மிகச் சொற்பம். எனினும் வர்த்தகம் உள்நாட்டு ஹியூஸ்டனுக்கு நகர்ந்துவிட்டது. அங்கு ஆழ்கடல் கப்பல்கள் செல்லும் கால்வாய் 1914இல் திறக்கப்பட்டிருந்தது. 2008இல் ஐக் சூறாவளி வந்தபோதோ, அரண் இல்லாத குடாப் பக்கத்தால் வெள்ளம் ஊருக்குள் ஏறியது.

ஆகவே கல்வெஸ்டனை வெற்றிக் கதையாக மட்டும் சொல்ல நான் துணியமாட்டேன். அந்த நகரம் பல ஆண்டுகளாக மணல் சுமந்தது; ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தது. பிணம் சுமக்க வற்புறுத்தப்பட்டவர்களுக்கும் அந்த மீட்சிக் கதையில் இடமுண்டு. அவர்களையும் சேர்த்தே அதனைச் சொல்ல வேண்டும்.