ஆற்றங்கரையில் அடித்த கூடாரங்கள்

யூபிலி மலர் என்றதும் கோவில் கட்டிய கதை, மணி வாங்கிய கதை, கெபி எழுப்பிய கதை ஆகியவற்றைத்தான் நாம் எதிர்பார்ப்போம். இந்தப் பக்கங்களில் நாம் சொல்ல வருவதோ, பிரான்சு நாட்டில் ஒரு சிற்றாற்றங்கரைக் கிராமத்தில் இளைஞர் கூட்டம் ஒன்று கூடாரமடித்து விடுமுறையைக் கழித்த வரலாறு. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், கடைசி வரை படித்துவிட்டுக் கேட்கும்படி வேண்டுகிறோம்.

பாரிசுக்குத் தெற்கே சுமார் அறுபது கிலோமீட்டர் தொலைவில், எத்தாம்ப் நகரைத் தாண்டி, புவாஸி-லா-ரிவியேர் என்னும் ஊர் இருக்கிறது. ஆற்றை ஊர்ப் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட ஊர். அங்கே ஓடும் ஜுயின் ஆறு நம் காவிரியைப் போலப் பெரிதன்று. ஊற்று நீரால் பெருகி, ஆலைகளின் நீர்ச்சக்கரங்களைச் சுற்றிவிட்டு, எஸ்ஸோன் என்னும் மற்றொரு சிற்றாற்றில் கலந்து, கடைசியில் செயின் நதியைச் சேருகிறது. தண்ணீர் தெளிந்திருப்பதால் அந்தப் பள்ளத்தாக்கில் கிரெஸ் என்னும் நீர்க்கீரையைப் பாத்தி கட்டிப் பயிரிடுவார்கள். இந்த ஊரைச் சேர்ந்த பியர்வில் என்ற மாளிகையும் தோட்டமும் மார்க் சாங்னியே என்பவருடைய சொத்து. நம் கதை நடந்தது அங்கேதான்.

சாங்னியே 1873-ல் பாரிசில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வாலிபத்திலேயே ‘சியோன்’ என்ற இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார். அச்சொல்லுக்கு உழவுசால் என்று பொருள். கத்தோலிக்க விசுவாசமும் மக்களாட்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தொழிலாளியும் முதலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து பேச வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சேர்ந்தார்கள். ஆனால் 1910, ஆகஸ்டு 25-ல் பாப்பரசர் 10-ம் பத்திநாதர் பிரான்சு ஆயர்களுக்கு எழுதிய நிருபத்தில் அந்த இயக்கத்தைக் கண்டித்தார். சாங்னியே எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் கீழ்ப்படிந்தார், இயக்கம் கலைந்தது. வாழ்நாள் உழைப்பை ஒரு கடிதத்தின் பேரில் கீழே வைப்பது எளிதான காரியமா? நம்மில் எத்தனை பேர் ஒரு சபையின் செயலாளர் பதவியை விட்டுக்கொடுக்கவே மனம் வராமல் இருக்கிறோம்!

பிறகு 1914-ல் உலகப் போர் மூண்டது. சாங்னியேயும் இராணுவச் சேவை செய்தார். நான்கு ஆண்டுகள் முடிந்தபோது பிரான்சு ஏறத்தாழ 14 லட்சம் பேரையும், ஜெர்மனி ஏறத்தாழ 20 லட்சம் பேரையும் போர்க்களங்களில் இழந்திருந்தன. பிரான்சில் கிராமந்தோறும் மாண்டவர் பெயர் பொறித்த கல் எழும்பியது. ஜெர்மானியன் என்ற சொல்லைக் கேட்டாலே தாய்மார் முகம் திருப்பிக்கொண்ட காலம் அது. பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பர் 1920-ல் வெளியிட்ட சுற்றுமடலில், மன்னித்து ஒன்றுசேருங்கள் என்று நாடுகளைக் கேட்டார். கேட்டுத் தலையசைத்தவர்கள் பலர். செயலில் இறங்கியவர்கள் சிலர். அச்சிலருள் ஒருவர் சாங்னியே. ஆயுதங்களைக் களைவதற்கு முன் பகைமையைக் களைய வேண்டும் என்பது அவர் வாதம். 1921 முதல் ஆண்டுதோறும் சமாதான மாநாடு கூட்டினார். 1923-ல், பிரெஞ்சுப் படைகள் ஜெர்மனியின் ரூர் பிரதேசத்தைப் பிடித்து வைத்திருந்த அதே வேளையில், ஜெர்மனியின் ஃபிரெய்புர்க் நகருக்கே சென்று மாநாட்டை நடத்தினார். துணிச்சல்காரர்தான்.

ஆறாவது மாநாட்டைத்தான் 1926 ஆகஸ்டில் தம் சொந்த ஊரில் வைத்தார். மண்டபத்தில் பேசிக் கலைந்தால் போதாது, ஒன்றாகத் தங்க வேண்டும் என்று ஒரு மாதத்தையே சமாதான மாதம் ஆக்கினார். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஐந்தாயிரத்துக்கும் அதிகமான இளைஞர்கள் வந்தனர். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் ஜெர்மானியரே அதிகம். தோளில் பை, கையில் கித்தார், முழங்காலுக்கு மேல் கால்சட்டை என்று வந்து இறங்கிய அந்தப் பிள்ளைகளைக் கிராமத்தார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நாமே ஊகிக்கலாம். சில நூறு பேர் வாழும் ஊரில் ஐந்தாயிரம் பேருக்கு இடம் ஏது? மாளிகைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள் அடித்தார்கள். அந்தக் கூடாரங்களைக் கொடுத்துதவியது பிரெஞ்சு இராணுவம்! போர்வீரர்கள் படுத்த துணியின் கீழ், எட்டு ஆண்டுகளுக்கு முன் எதிரிகளாக நின்றவர்களின் தம்பிகளும் மகன்களும் அடுத்தடுத்துப் படுத்தார்கள்.

அது புனித பிரான்சிஸ் அசிசியார் மரித்து 700 ஆண்டு நிறைவுற்ற ஆண்டு. அந்த ஏழைத் துறவியை இளைஞர்கள் தங்கள் பாதுகாவலரைப் போலவே கருதினார்கள். மரத்தடியில் திருப்பலி, திறந்தவெளி அரங்கில் சொற்பொழிவும் நாடகமும், மாலையில் தீ மூட்டிச் சுற்றிலும் பாட்டு. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத இடத்தில் பாட்டு நன்றாக உதவும் என்பது நம் வேளாங்கண்ணி யாத்திரை போனவர்களுக்குத் தெரியும். கத்தோலிக்கர் மட்டும் வந்தனர் என்று எண்ண வேண்டாம்; பிற சபையாரும், எந்தச் சபையும் சேராதவர்களும் வந்தனர். அடிமைப்பட்ட நாடுகளின் மாணவர்களும் வந்தனர். டச்சுக்காரர் ஆண்ட தீவுகளிலிருந்து ஹாலந்துக்குப் படிக்க வந்திருந்த முகமது ஹத்தா அங்கே தம் தாய்நாட்டை ‘இந்தோனேசியா’ என்ற பெயரால் அறிமுகப்படுத்தினார். பின்னாளில் அந்நாட்டின் முதல் துணைக் குடியரசுத் தலைவர் ஆனவர் அவர்.

எதிர்ப்பு இல்லாமலா? தேசபக்தியைத் தங்கள் குத்தகை என்று எண்ணிய ‘ஆக்ஸியோன் பிரான்சேஸ்’ கூட்டத்தார் சாங்னியேயைத் துரோகி என்று தூற்றினார்கள். அவர்களுள் பக்தியுள்ள கத்தோலிக்கர் பலர் இருந்ததுதான் வேதனை. அதே ஆண்டு டிசம்பர் 29-ல் உரோமை அந்தக் கூட்டத்தையே கண்டித்தது என்பதையும் சொல்லிவிடுவோம்.

கூடாரங்கள் பிரிக்கப்பட்டன, ஒன்றாகத் தங்கும் ஆசை நிலைத்துவிட்டது. ரிச்சர்டு ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர், நடந்து ஊர் சுற்றும் ஏழைப் பிள்ளைகள் குறைந்த செலவில் இரவு தங்க, 1912-ல் ஆல்டெனா கோட்டையில் இளைஞர் விடுதி திறந்திருந்தார். அதைப் பின்பற்றி 1929-ல் சாங்னியே பியர்வில்லில் விடுதி ஒன்றைத் தொடங்கினார். ‘பொற்கதிர்’ என்று பெயர் வைத்தார். பிரான்சு நாட்டின் முதல் இளைஞர் விடுதி அதுவே. 1936-ல் தொழிலாளருக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்கும் சட்டம் வந்தது; லெயோ லாக்ராஞ்ஜ் என்ற துணை அமைச்சர் இரயில் கட்டணத்தில் 40 சதம் குறைத்த சீட்டு வழங்க ஏற்பாடு செய்தார். அதுவரை கடலையே பாராத குடும்பங்கள் மிதிவண்டியிலும் இரயிலிலும் புறப்பட்டு, ஆற்றோரமும் கடலோரமும் கூடாரமடித்தன. முதல் விடுதி ஒரு கத்தோலிக்கர் தோட்டத்தில் பிறந்தது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்!

ஆனால் 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். ஜெர்மன் கத்தோலிக்கரின் சமாதானச் சங்கம் அந்த ஆண்டே தடை செய்யப்பட்டது. 1940-ல் ஜெர்மன் படைகள் பாரிசில் புகுந்தன. அப்படியானால் ஆற்றங்கரைக் கூடாரங்கள் வீண்தானா? பலர் அப்படித்தான் சொன்னார்கள். நமக்கும் அந்த ஐயம் உண்டு. அதனால்தான் அக்கூடாரங்களில் தங்கிய ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் ஃபிரான்ஸ் ஷ்டொக். 1904-ல் ஜெர்மனியில் நெய்ஹைம் என்ற ஊரில் பிறந்தவர். பியர்வில்லுக்கு வந்தபோது வயது 21. அங்கே ஜோசப் ஃபோலியே என்ற பிரெஞ்சு இளைஞரின் நட்பு கிடைத்தது. 1928-ல் பாரிசுக்கே வந்து குருமடத்தில் படித்தார்; 1932-ல் பாடர்போர்னில் குருவானார்; 1934-ல் பாரிசிலிருந்த ஜெர்மன் கத்தோலிக்கருக்குப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். போர் வந்தபின் பாரிசுச் சிறைகளில் ஆன்ம குருவாகப் பணி செய்தார். தம் நாட்டு இராணுவம் சுட்டுக்கொல்லத் தீர்ப்பிட்ட பிரெஞ்சுக்காரர்களுடன் கடைசி நேரத்தில் இருப்பது அவர் வேலை. மோன் வலேரியன் குன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டனர். சவப்பெட்டி ஏற்றிய வண்டியில் அவர்களோடு சென்றார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், விசுவாசமில்லாதவர்களின் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டாருக்குக் கைதிகளின் சேதியையும், கைதிகளுக்கு வீட்டாரின் சேதியையும் இரகசியமாகச் சுமந்தார். அகப்பட்டிருந்தால் அவரும் அதே சுவரில் நின்றிருப்பார்.

சாங்னியேயும் 1944-ல் கைதாகி ஃப்ரேன் சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய அச்சகம் எதிர்ப்பியக்கத்துக்கு இரகசியமாக உதவியிருந்தது. அப்போது அவருக்கு எழுபதுக்கு மேல் வயது.

பாரிசு விடுதலையானபோது தந்தை ஷ்டொக் ஓடவில்லை. தூக்கிச் செல்ல முடியாத காயமுற்ற ஜெர்மன் வீரர்களோடு மருத்துவமனையில் தங்கிப் போர்க்கைதி ஆனார். 1945 முதல் 1947 வரை, சார்த்ர் நகரருகே முள்வேலிக்குள் கைதிகளான ஜெர்மன் குருமட மாணவர்களுக்கு அதிபராக இருந்தார். நூற்றுக்கணக்கானோர் அங்கே படித்தனர். பாரிசில் பாப்பரசரின் தூதுவராக இருந்த ரொன்கல்லி ஆண்டகை அவர்களைப் பார்க்க வந்தார். 1948, பிப்ரவரி 24-ல் தந்தை ஷ்டொக் 43-ம் வயதில் இறந்தார். சட்டப்படி அவர் இன்னும் போர்க்கைதியே. எனவே மரணச் செய்தி பரவவில்லை. பெட்டியின் பின்னே சென்றவர்கள் ஒரு கைப்பிடியளவு பேர்தாம். மந்திரித்து அடக்கச் சடங்கை முடித்து வைத்தவர் ரொன்கல்லி ஆண்டகை.

1950-ல் சாங்னியே இறந்தபோது, அவருடைய மனைவிக்கு ஆறுதல் கடிதம் எழுதியவரும் அதே ஆண்டகைதான். தாம் இளம் குருவாக இருந்த நாளில் உரோமையில் சாங்னியேயின் பேச்சைக் கேட்டதை அதில் நினைவுகூர்ந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் 23-ம் அருளப்பர் என்ற பெயருடன் பாப்பரசரானார். 1963 ஏப்ரலில் ‘அவனியில் அமைதி’ சுற்றுமடலை வெளியிட்டார்.

அதே 1963 ஜனவரியில் பிரான்சும் ஜெர்மனியும் நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இரு நாட்டு இளைஞர்களும் ஒருவர் நாட்டில் ஒருவர் தங்கிப் பழகவென்றே பொது அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. அந்த ஆண்டே தந்தை ஷ்டொக்கின் உடலைப் பாரிசுக் கல்லறையிலிருந்து எடுத்து, சார்த்ர் நகரில் அருளப்பர் பெயரால் எழுந்த புதுக் கோவிலில் அடக்கம் செய்தார்கள். அங்கிருந்து பியர்வில் போக ஒன்றிரண்டு மணி நேரம் போதும்.